களிமண்மேல் ஜியோகிரிட் (ஜல்லியைக் கவ்விப் பிடிக்கும் வலை) விரித்து ஜல்லி போட்டும், ஒரே மழைக்காலத்தில் சக்கரத் தடம் விழுந்துவிட்டதே, ஏன்?

கிரிட்டைத் திட்டும் முன் தடம் விழுந்த இடத்தில் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். ஜல்லி இடுக்கெல்லாம் சேறு ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். 30, 40 மி.மீ. கண் உள்ள வலை ஜல்லியைக் கவ்வும்; ஈரக் களிமண்ணைத் தடுக்காது. வண்டி போகப் போகக் களி மேலேறும், கற்கள் ஒன்றையொன்று பிடிப்பது விட்டுப்போகும், அப்புறம் கிரிட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடிமண்ணின் சிபிஆர் (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் எண்; குறையக் குறைய மண் மென்மை) 3க்குக் கீழே என்றால் முதலில் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல், அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி, அதன்மேல் கிரிட். நல்ல கலப்பளவு உள்ள ஜல்லியே வடிகட்டிவிடும், துணி எதற்கு என்று யாராவது கமென்டில் வருவார்கள். பொடியிலிருந்து பெருங்கல் வரை சரியாகக் கலந்திருந்தால் அது உண்மைதான். ஒரே அளவு ஜல்லிக்கு அது பொருந்தாது. கிரிட்டின் கண், ஜல்லியின் சராசரி அளவைவிடச் சிறியதாக இருந்தால் கல் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கும்.

விரிப்பதில்தான் பாதி கெடுகிறது. கிரிட் கொஞ்சம் நீண்டால்தான் இழுவிசை தாங்கும். சுருக்கத்தோடு கிடந்தால் அந்தச் சுருக்கம் நிமிர்வதற்குள் தடம் விழுந்துவிடும். இழுத்துப் பிடித்து ஆணி அடியுங்கள். துணியின் மேற்பொருத்தம், அதாவது ஒரு விரிப்பு அடுத்ததன்மேல் ஏறியிருக்கும் அகலம், சிபிஆர் 3க்கு மேல் 300–450 மி.மீ., 1 முதல் 3 வரை 600 மி.மீ. முதல் 1 மீட்டர், 0.5க்கும் கீழே போனால் தைத்தே ஆக வேண்டும். ஜல்லி தள்ளும் திசையில் முந்தைய விரிப்பு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் டோசர் ஓரத்தைக் கிளப்பிவிடும். வெறும் விரிப்பின்மேல் லாரி ஏறக் கூடாது. போட்ட ஜல்லிமேல் நின்று கொட்டி, முன்னே தள்ள வேண்டும். முதல் அடுக்கு 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது, சேறான மண்ணில் 300 நல்லது. அந்த அடுக்கில் ரோலரின் அதிர்வை நிறுத்திவிடுங்கள், அதிர்வு தண்ணீரையும் களியையும் மேலே இழுக்கும். வேலையின்போது தடம் விழுந்தால் மேட்டைச் சீவி நிரப்பாமல் புது ஜல்லி போடுங்கள். சீவினால் அங்கே கனம் குறைந்து வலை வெளியே தெரியும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். துணியை "எத்தனை ஜிஎஸ்எம்" (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று எடை பார்த்தே வாங்கும் பழக்கம் எப்போது ஒழியுமோ! ஒரே எடையில் இரண்டு துணிகள் கிழிவதிலும் துளை அளவிலும் வெகுவாக வேறுபடும். இழுவலிமை, குத்துத் தாங்கும் அளவு, துளை அளவு மூன்றையும் சோதனைத் தாளில் கேளுங்கள். வந்த சுருளை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். விரித்தபின் 14 நாளுக்குள் மூடிவிட வேண்டும்.

உங்கள் சாலையில் மேலே இன்னொரு அடுக்கு போட்டுச் சமாளிக்க நினைத்தால், சேறு கலந்த ஜல்லி அடியில் அப்படியே இருக்கும். அந்தப் பகுதியை மட்டுமாவது தோண்டி எடுத்து, துணியோடு மறுபடி தொடங்குங்கள். ஓர வடிகாலையும் அப்போதே வெட்டிவிடுங்கள், தேங்கிய தண்ணீரை எந்த வலையும் வெளியேற்றாது.