வலி நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு ரூட் கெனால்?

ஐஸ் தண்ணீர் குடித்தால் கீழ்க் கடைவாய்ப் பல் கூசுகிறது. ரூட் கெனால் தேவைப்படுமா? (சேலம் வாசகர்)

கூச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதவில்லையே, அதுதானே முக்கியம்! தண்ணீரை விழுங்கியதுமே போய்விட்டால் பெரும்பாலும் சொத்தையை அடைத்தாலே போதும். அரை நிமிடத்துக்கு மேல் விண் விண்ணென்று தெறித்தாலோ, சூடான காபிக்கும் வலித்தாலோ, ராத்திரி படுத்ததும் தானாக வலி கிளம்பினாலோ சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். அப்போது பெரும்பாலும் ரூட் கெனால்தான், இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் போட்டேன். வலி சுத்தமாக நின்றுவிட்டது. டாக்டரோ ரூட் கெனால்தான் என்கிறார். பணம் பிடுங்கவா? (மதுரை வாசகர்)

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. பல்லின் நரம்பு செத்துவிட்டாலும் வலி நின்றுவிடும். மாத்திரை வென்றது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது கிருமி வேர் நுனியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. தண்ணீர் ஓடாத வாய்க்காலில் உரத்தைக் கரைத்துவிட்டால் கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேரும்? உள்ளே இருக்கும் அழுகலைக் கருவியால் சுரண்டி, மருந்துத் தண்ணீரால் கழுவி, அடைத்தாக வேண்டும். ரூட் கெனால் என்பதே அதுதான்.

வெறும் பல் வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். முகம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் மருத்துவர் எழுதித் தருவார், அதுவும் சீழை வெளியேற்றும் வேலைக்குத் துணையாக மட்டும். பழைய சீட்டைக் காட்டி வாங்குவது, மிச்சம் இருந்ததை மாமியாருக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிருக்கே ஆபத்து.

ஒருவர் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறார், இன்னொருவர் மூன்று முறை வரச் சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டும் சரிதான். சீழ், வீக்கம் இருந்தால் இடைவெளி விடுவார்கள். மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லில் நரம்பு ஓடும் கால்வாய்கள் பெரும்பாலும் 4 இருக்கும், அதைத் தேடவே நேரமாகும்.

ரூட் கெனால் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. வலியே இல்லை. பல்லுக்கு மேல் உறை போல மாட்டும் கேப் அவசியமா?

நரம்பையே எடுத்த பிறகு எப்படி வலிக்கும்? மறுபடியும் சொல்கிறேன், வலி இல்லை என்பதற்காகப் பல் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். முன் பல்லா, கடைவாய்ப் பல்லா என்றாவது எழுதியிருக்கலாம். முன் பல் பெரிதாக உடையாமல் இருந்தால் அடைத்ததோடு விடலாம். கடைவாய் என்றால் ஆறு மாதம் தள்ளியதே தப்பு. முறுக்கைக் கடிக்கும்போது வேர் வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

ஆறு வயது மகளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. விழப்போகிற பால் பல்தானே?

கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை நிற்க வேண்டியது. முன்னாலேயே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல்லுக்கு இடம் போய்விடும். குழந்தைகளுக்கென்று தனி முறை இருக்கிறது. குழந்தைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். ரூட் கெனால் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. வசதியான காலமே இதுதான். உட்கார்ந்ததுமே கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையை மட்டும் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள்.

ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வருமாமே, வாட்ஸ்ஆப்பில் வந்தது.

வராது.

கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

மருத்துவரைப் பார்க்கும் வரை, பஞ்சில் ஒரு சொட்டு, பல் குழிக்குள் மட்டும். ஈறில் பட்டால் வெந்துவிடும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல் வலியோடு வாய்ப்புண்ணும் இலவசம்.