மாலத்தீவில் மளிகையும் உள்ளூர்ச் சாப்பாடும் எங்கே வாங்கலாம்?

முதலில் 'லோக்கல் தீவு' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ரிசார்ட் மட்டும் இருக்கும் தீவு அல்ல. மாஃபுஷி, துலுஸ்தூ மாதிரி மாலத்தீவு மக்களே குடியிருக்கும் தீவு. மளிகைக் கடையும் டீக்கடையும் இங்கேதான்.

பவள மணலில் பெரிதாக எதுவும் விளையாது. அரிசி, வெங்காயம், முட்டை எல்லாமே கப்பலில் தலைநகர் மாலே வந்து, அங்கிருந்து படகில் தீவுகளுக்குப் போகின்றன. லாரி வரும் நாளை எதிர்பார்க்கும் மலைக்கிராமத்துக் கடை போலத்தான்: படகு வந்த அன்று தக்காளி கிடைக்கும், நாலு நாள் கழித்துப் போனால் வாடிய கோஸ்தான். மாலே வழியாகப் போகிறவர்கள் துறைமுகத்தை ஒட்டிய சந்தையிலேயே பழம், காய்கறி வாங்கிக்கொள்வது நல்லது. பக்கத்திலேயே மீன் சந்தை. சூரை மீனைக் கண்ணெதிரே வெட்டித் தருவார்கள்.

காலையில் டீக்கடையில் மாஸ் ஹுனி கேளுங்கள். சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்து, ரொட்டியோடு வரும். சாயங்காலம் பஜியா, சமோசா மாதிரி உள்ளே மீன் வைத்துப் பொரித்தது. தொழுகை நேரத்தில் கடை சாத்தியிருக்கும், அப்புறம் திறப்பார்கள்.

மாலத்தீவு என்றாலே சாப்பாட்டுக்குச் சொத்தை விற்க வேண்டும் என்கிறார்களே, அது ரிசார்ட் விலை. டீக்கடை விலை வேறு.