பிழை வந்தால் எந்த வழியாக வெளியேறுவது?

டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்காக வைத்து எடுக்கும் புரோகிராமுக்கு ஃபைல் சிஸ்டம் டிரைவர் என்று பெயர். அப்படிப்பட்ட டிரைவர்களுக்கு வரும் பேட்ச்களை, அதாவது திருத்தங்களை, படித்துச் சரிபார்ப்பதுதான் பதினாறு வருடமாக என் வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் கர்னலில் ஒரு சிறிய ஃபைல் சிஸ்டம் டிரைவருக்கு என் முதல் பேட்சை அனுப்பினேன். மவுண்ட் பாதியில் தோற்றால் ரூட் ஐநோடை யாரும் திருப்பித் தருவதில்லை, மெமரி லீக் ஆகிறது என்று நினைத்து, எரர் வரும் வழியில் ஐபுட் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். "இங்கே லீக் இல்லை, உங்கள் பேட்ச்தான் டபுள் ஃப்ரீ உண்டாக்குகிறது" என்று பதில் வந்தது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், எங்கே தப்பு என்று தெரியவில்லை.
— பொறியியல் மாணவி, திருநெல்வேலி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. நீங்கள் சறுக்கிய இடம் அனுபவஸ்தர்களும் சறுக்குகிற இடம். மனம் தளர வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சில சொற்கள்: கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. மவுண்ட் என்பது ஒரு ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்குத் திறப்பது. ஐநோடு ஒரு ஃபைலைப் பற்றிய குறிப்புப் பெட்டி, ரூட் ஐநோடு உச்சி டைரக்டரியுடையது. ஐபுட் என்பது அதைத் திருப்பித் தருவது. வாங்கிய மெமரியைத் திருப்பாமல் விட்டால் லீக், ஒன்றையே இரண்டு முறை திருப்பினால் டபுள் ஃப்ரீ.

நீங்கள் சேர்த்த வரிக்கு நாலு வரி மேலே டி_மேக்_ரூட் என்றொரு அழைப்பு இருக்கும். ரூட் ஐநோடை அதன் கையில் கொடுக்கிறோம். அது ஒரு டென்ட்ரியை, அதாவது பெயரை ஐநோடோடு இணைக்கும் பதிவை, செய்து தருகிறது. மெமரி இல்லாமல் டென்ட்ரி செய்ய முடியாமல் போனால் அது நல் பாயிண்டரை, அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரியை, தரும். ஆனால் அப்படித் தருவதற்கு முன்னாலேயே நாம் கொடுத்த ஐநோடுக்கு அதுவே ஐபுட் போட்டுவிடும். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், அந்த ஐநோடு அதன் கைக்குப் போன நிமிடத்தில் நம் பொறுப்பு தீர்ந்தது. பிறகு நீங்கள் இன்னொரு முறை ஐபுட் போட்டால், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடுகிறீர்கள்.

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். தம்பி பாத்திரத்தைக் கடையில் ஒப்படைத்துவிட்டான் என்று தெரியாமல் அண்ணனும் வண்டி ஏற்றினால், அடுத்த வீட்டுக்காரர் எடுத்துவைத்த அண்டாவைத்தான் தூக்கிக்கொண்டு போவார். கர்னலிலும் அப்படித்தான். விடுவித்த இடத்தை அதற்குள் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். அடி அவர்களுக்குத்தான் விழும், அதனால்தான் தப்பு எங்கோ தொடர்பில்லாத இடத்தில் போய் வெடிக்கிறது.

உங்கள் குழப்பத்துக்குப் பழைய கதையும் ஒரு காரணமாக இருக்கலாம். 2012-க்கு முன்னால் இந்த இடத்தில் டி_அலாக்_ரூட் என்ற வேறொரு ஃபங்ஷன் இருந்தது. அது தோற்றால் ஐநோடை நாம்தான் விட வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்களையும் பாடக் குறிப்புகளையும் பார்த்து எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த ஐபுட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு ஃபங்ஷனின் பெயரைப் பார்த்தோ, பழைய உதாரணத்தைப் பார்த்தோ முடிவு செய்யாமல், அதன் உடலைத் திறந்து படியுங்கள். டி_மேக்_ரூட் பத்துப் பன்னிரண்டு வரிதான். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இதே மவுண்ட் வேலையில் இன்னொரு பொறியும் உண்டு. அடுத்த பேட்சுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். மவுண்டின்போது எல்லாவற்றையும் அமைக்கும் ஃபில்_சூப்பர் தோற்றால், மவுண்டை எடுக்கும்போது துப்புரவு செய்யும் டிரைவரின் புட்_சூப்பர் அழைக்கப்படுமா? பலரும் ஆமாம் என்பார்கள். கிடையாது. ரூட் டென்ட்ரி அமைந்த பிறகுதான் கர்னல் புட்_சூப்பரைக் கூப்பிடும். ஆனால் கடைசியாக எல்லாவற்றையும் கலைக்கும் கில்_எஸ்பி எப்போதும் அழைக்கப்படும். ஆகவே டிரைவரின் சொந்தத் தகவல் பெட்டியைப் புட்_சூப்பரில் மட்டும் விடுவித்தால் பாதியில் தோற்ற மவுண்டில் லீக். ஃபில்_சூப்பரின் எரர் வழியிலும் கில்_எஸ்பியிலும் விடுவித்தால் டபுள் ஃப்ரீ. எந்த டிரைவர் எந்த ஏற்பாட்டைப் பின்பற்றுகிறது என்று பார்க்காமல் அங்கே ஒரு வரியும் சேர்க்கக் கூடாது.

பதில் எழுதியவருக்கு நன்றி சொல்லி, பேட்சைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இரண்டு வரி எழுதுங்கள். அடுத்ததைக் கட்டாயம் அனுப்புங்கள்.

பக் ஃபிக்ஸ் பேட்ச் ஒன்று ரிவ்யூவுக்கு வந்தால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? மாறியிருப்பது நாலு வரி என்றால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்தானே?
— மென்பொருள் பொறியாளர், கோவை

நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான். அது மாறிய நாளைச் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சொந்தமாக ஒரு ஃபைல் சிஸ்டம் வைத்திருந்தோம். டைரக்டரி ஒன்று காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனில் பஃபர் (டிஸ்கிலிருந்து படித்ததை வைக்கும் மெமரி) ஒன்று லீக் ஆகிறது என்று ஒரு ஃபிக்ஸ் வந்தது. முன்பு பிளாக்கைப் படிக்க முடியாவிட்டால் அந்த இடத்திலேயே ஈ.ஐ.ஓ. என்ற டிஸ்க் பிழை எண்ணோடு ரிட்டர்ன் ஆகிவிடும், கையில் இருந்த பழைய பஃபரை விடாமல். ஃபிக்ஸில் அந்த ரிட்டர்னை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் லேபிளுக்குத் தாவும்படி கோ-டூ போட்டிருந்தார்கள். லேபிளில் பஃபர் ஒழுங்காக விடப்பட்டது. லீக் போயிற்று. நாலு வரி. பார்த்தேன், சரி என்று என் பெயரைப் போட்டேன்.

நான் பார்க்காதது, அந்த கோ-டூ நடக்கும் நேரத்தில் எரர் என்ற மாறியில் என்ன இருக்கிறது என்பதை. அதில் முந்தைய அழைப்பு வெற்றியாக முடிந்த பூஜ்ஜியம் இருந்தது. ஆக, பிளாக்கைப் படிக்க முடியவில்லை. ஃபங்ஷனோ 'பிழை ஏதுமில்லை, ஒன்றும் கண்ணில் படவில்லை' என்று திரும்பியது. அதை அழைத்த மேல் ஃபங்ஷன் அந்தப் பதிலை 'காலி' என்று எடுத்துக்கொண்டது. ஒரு அச்சகத்தில் தினமும் இரவு காலி டைரக்டரிகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடும். டிஸ்கில் ஒரு செக்டர் கெட்டுப்போன இரவில், பதினோரு மாத டிசைன் ஃபைல்கள் இருந்த டைரக்டரி காலி என்று நீக்கப்பட்டது. பேக்கப்பில் இருந்து பாதிக்கு மேல் மீட்டோம். மீதி போனது போனதுதான். அந்த அச்சகத்துக்காரர் போனில் கோபப்படவே இல்லை. "சார், டிஸ்க் கெட்டால் கெட்டதுன்னு சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து மாறிய வரியை மட்டும் நான் படிப்பதில்லை. முழு ஃபங்ஷனையும் எடுத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். காலை ஐந்து மணிக்கு, டீயும் ஒரு தாளும் பென்சிலும். தாளின் இடப் பக்கத்தில் இந்த ஃபங்ஷன் வாங்கியதையெல்லாம் எழுதுவேன்: பஃபர், லாக், ஐநோடு எண்ணிக்கை, டிஸ்கில் ஒதுக்கிய இடம். வலப் பக்கத்தில் ஒவ்வொரு வெளியேறும் வழியிலும் அதை யார் திருப்பித் தருகிறார்கள் என்று எழுதுவேன். வாங்கிய வரிசைக்குத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு கோ-டூவிலும் கை வைத்து, இந்த நொடியில் எரர் மாறியில் என்ன எண் என்று கேட்பேன்.

இன்னொன்றும் பார்ப்பேன். தோல்வியை ஒரு ஃபங்ஷன் எப்படிச் சொல்கிறது? டிஸ்கிலிருந்து பிளாக்கைப் படிக்கும் எஸ்பி_பிரீட் நல் தரும். ஐநோடு கொண்டுவரும் ஃபங்ஷன்கள் பலவும் எரர் எண்ணையே பாயிண்டருக்குள் ஒளித்துத் தரும். முகவரிகளின் கடைசி 4095 இடங்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அந்தப் பாயிண்டரை 'நல்'தானா என்று சோதித்தால் சோதனை தாண்டிப் போய்விடும், அடுத்த வரியில் கர்னல் விழும். இந்தச் சோதனைகளை இடம் மாற்றிப் போட்ட பேட்ச்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

'ஃபிக்சஸ்' என்ற வரியையும் விடுவதில்லை. எந்தப் பழைய கமிட் (பதிவான மாற்றம்) இந்தத் தப்பைக் கொண்டுவந்தது என்று அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடு குறிப்பது லினக்ஸ் வழக்கம். அந்தப் பழைய கமிட்டைத் திறந்து படிப்பேன். அதே ஆள் அதே தப்பை அதே நாளில் இன்னும் இரண்டு ஃபங்ஷனில் செய்திருப்பார். ஃபிக்ஸ் ஒன்றுக்குத்தான் வந்திருக்கும்.

இது என் ஒருவனின் அனுபவம் என்று நினைக்காதீர்கள். 2008-இல் விஸ்கான்சின் மாடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் 2.6-இன் ஃபைல் சிஸ்டங்களையும் முக்கியமான சேமிப்பு டிரைவர்களையும் ஆராய்ந்தபோது, எரர் எண்ணை வாங்கி அதை ஒன்றும் செய்யாமல் தொலைத்துவிட்ட அழைப்புகள் 1,153 கிடைத்தன. நூற்றுக்குப் பதின்மூன்று. எனவே தம்பி, நாலு வரிப் பேட்சுக்கு எனக்கு ஒரு காலை முழுதும் ஆகும். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கல்யாண போட்டோக்களை பென்டிரைவில் காப்பி செய்தேன், 'முடிந்தது' என்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பாதிப் படம் திறக்கவில்லை என்கிறார்கள். யார் மேல் தப்பு?
— போட்டோகிராபர், மதுரை

ஐயா, 'முடிந்தது' என்று வந்தபோது படங்கள் கம்ப்யூட்டரின் மெமரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பென்டிரைவுக்குள் எழுதுவது பின்னால் மெதுவாக நடக்கும். அதற்குள் உருவியிருந்தாலும், பென்டிரைவே எழுத மறுத்திருந்தாலும், அந்தப் பிழையைக் கேட்டுக்கொள்ள காப்பி செய்த புரோகிராம் அங்கே இல்லை. அது வேலை முடிந்ததென்று போய்விட்டது.

பெரிய டேட்டாபேஸ்களுக்கே இது நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டாயா என்று கேட்பதற்கு எஃப்சிங்க் என்ற அழைப்பு உண்டு. 2018-இல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். லினக்ஸில் அது ஒரு முறை 'இல்லை' என்று சொன்ன பிறகு திரும்பக் கேட்டால், 'எழுதியாகிவிட்டது' என்று சொல்லக்கூடும். எழுத முடியாத பக்கங்களை கர்னல் எழுதியதாகவே கணக்கில் வைத்துவிடுவதுதான் காரணம். அதனால் 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் திரும்பக் கேட்காமல் தன்னை நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீண்டு எழுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: காப்பி முடிந்ததும் எஜெக்ட் கொடுங்கள், எடுக்கலாம் என்று சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு மறுபடி செருகி, கடைசியாக காப்பியான பத்துப் பதினைந்து படங்களைப் பென்டிரைவிலிருந்தே திறந்து பாருங்கள். அதுவரை கேமரா கார்டை அழிக்காதீர்கள். கார்டு இன்னும் உங்களிடம் இருந்தால் அதில் புதிதாக ஒன்றும் எடுக்காமல் பத்திரமாக வையுங்கள்.

எரர் வழிகளை எப்படி டெஸ்ட் செய்வது? என் மெஷினில் மெமரி தீருவதும் இல்லை, டிஸ்க் கெடுவதும் இல்லை.
— கர்னல் டெவலப்பர், பெங்களூரு

வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். கர்னலில் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் வசதி இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஃபெயில்-என்த்: எத்தனையாவது ஒதுக்கீடு தோற்க வேண்டும் என்று அதில் எண் எழுதலாம். ஒன்று என்று எழுதி மவுண்ட் செய்தால் முதல் மெமரி ஒதுக்கீடு தோற்கும். இரண்டு என்று எழுதினால் இரண்டாவது. இப்படி ஏறிக்கொண்டே போய், ஒன்றும் தோற்காமல் மவுண்ட் முடியும்வரை ஓட்டுங்கள். மெமரி கிடைக்காமல் வெளியேறும் ஒவ்வொரு வழியும் ஒரு முறையாவது நடக்கும். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசானையும் கேமெம்லீக்கையும் ஆன் செய்துவைத்து ஓட்டினால் டபுள் ஃப்ரீயும் லீக்கும் அங்கேயே மாட்டும். டிஸ்க் பிழைக்கு டிஎம்-ஃப்ளேக்கி: சில நொடி ஒழுங்காக இருந்து சில நொடி பிழை தரும் போலி டிஸ்க். ஒரு மாலை நேரத்தில் அமைத்துவிடலாம்.

எங்கள் சர்வரில் ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் திடீரென்று ரீட்-ஒன்லி ஆகிவிட்டது. பிழை வந்தாலும் தொடரும்படி மவுண்ட் ஆப்ஷனை மாற்றிவிடலாம் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். மாற்றலாமா?
— சிஸ்டம் அட்மின், சேலம்

வேண்டாம். தன் கணக்கில் ஏதோ உதைக்கிறது என்று தெரிந்ததும், மேலும் எழுதிக் கெடுக்காமல் அந்த ஃபைல் சிஸ்டம் கையை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் செய்ய யாரோ ஒருவர் எரர் எண்ணைத் தொலைக்காமல் மேலே வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். முதலில் கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் ஈஎக்ஸ்டி4 எரர் என்று தொடங்கும் முதல் வரியைப் பாருங்கள். கடைசி வரியை அல்ல. அதற்குச் சற்று மேலே டிஸ்கின் ஐ-ஓ எரர் இருந்தால் டிஸ்க்தான் போகிறது. சர்வரை நிறுத்தி, டிஸ்கை முழுவதுமாக வேறொன்றுக்கு இமேஜ் எடுங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே அந்தப் பிரதியில்தான் முதலில் ஓட வேண்டும்.