'டை ஹார்ட்' படத்தில் வில்லன்கள் வைத்திருப்பது அசல் எம்.பி.5 துப்பாக்கிதானா? மற்றவை என்னென்ன?

இல்லை. 1988ல் வந்த அந்த முதல் படத்தில் ஹான்ஸ் க்ரூபரின் ஆட்கள் தூக்கிக்கொண்டு திரிவது எம்.பி.5 வேஷம் கட்டிய ஹெச்.கே.94.

நான் போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டதோடு சரி. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற வியாதி மட்டும் உண்டு. அதனாலேயே வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து ஆக்‌ஷன் படம் பார்ப்பதில்லை.

எம்.பி.5 நமக்குப் பழகிய உருவம்தான். நம் என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் கையில் பார்த்திருப்பீர்கள்: வளைந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), முனையில் ஒரு வளையத்துக்குள் நிற்கும் குறிமுள். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1960களில் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி, விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். ஆனால் வெளிநாட்டு இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்க இறக்குமதி செய்வதை அமெரிக்கா 1968லேயே தடுத்துவிட்டது. அதனால் அந்தச் சந்தைக்காக அதே நிறுவனம் தனியாகச் செய்து அனுப்பியதுதான் இந்த ஹெச்.கே.94. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். ரைஃபிள் என்றால் குழல் குறைந்தது 16 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், எனவே குழலும் நீளம். அசல் எம்.பி.5க்கு சுமார் 9 அங்குலம்தான்.

ஹாலிவுட்டில் படங்களுக்கு ஆயுதம் கொடுப்பவர்கள் இந்த 94ஐ வாங்கி, குழலை அறுத்து, உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றி, படபடவென்று சுடும்படி செய்துவிட்டார்கள். 80களின் ஆக்‌ஷன் படங்களில் நீங்கள் 'எம்.பி.5' என்று நினைத்துப் பார்த்தவற்றில் பல இந்த ரகம்தான்.

கண்டுபிடிக்க இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மேகசினுக்கும் விசை வளையத்துக்கும் நடுவில். அசலில் அங்கே ஒரு தட்டையான நெம்புகோல் தொங்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளினால் மேகசின் கழன்று கையில் வரும். 94ல் அது கிடையாது, வலப்பக்கம் ஒரு பொத்தான் மட்டும். இரண்டாவது குழலின் முனை. சைலன்சரை மாட்டுவதற்கு அசலில் மூன்று சின்னப் புடைப்புகள் உண்டு. அறுத்த 94ல் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கும். ஹீரோ மெக்ளேன் (ப்ரூஸ் வில்லிஸ்) துப்பாக்கியின் வாரைப் பிடித்துக்கொண்டு காற்றுக் குழாய்க்குள் தொங்குகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஆளைப் பார்க்காமல் துப்பாக்கியைப் பாருங்கள்.

மெக்ளேனின் சொந்தத் துப்பாக்கி பெரெட்டா 92எஃப் பிஸ்டல். இதில் குழப்பமே வராது. மேலே நகரும் ஸ்லைடின் முதுகு வெட்டி எடுத்ததுபோல் திறந்திருக்கும், குழல் வெளியே தெரியும். அமெரிக்க ராணுவம் 1985ல் பழைய கோல்ட் பிஸ்டலை ஓரங்கட்டிவிட்டு எம்9 என்ற பெயரில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஆகவே அந்தக் காலத்து ஹீரோக்கள் ஆளுக்கொன்று வைத்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இவர் நியூயார்க் போலீஸ். அந்த ஊர்ப் போலீஸ் ரிவால்வரை விட்டு 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறியது 1993ல்தான். விதிப்படி பார்த்தால் மெக்ளேன் விமானத்திலிருந்து ஒரு .38 ரிவால்வரோடு இறங்கியிருக்க வேண்டும். ஆறு தோட்டாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரப் படத்தை ஓட்ட முடியாதே, சரி, விட்டுவிடலாம்.

வில்லன் ஹான்ஸ் கையில் இருப்பது ஹெக்லர் அண்ட் கோக் பி7எம்13 பிஸ்டல், வெள்ளை உலோகப் பூச்சோடு. என் கணக்கில் படத்திலேயே பொருத்தமான தேர்வு இதுதான். பல பிஸ்டல்களில் இருப்பதுபோல் பின்னால் சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) துருத்திக்கொண்டு நிற்காது, வழவழப்பாக இருக்கும். பிடியின் முன்பக்கம் முழுக்க ஒரு நெம்பு. விரல்களால் அதை இறுக்கிப் பிடித்தால்தான் துப்பாக்கி சுடத் தயாராகும், பிடியைத் தளர்த்தினால் மறுபடி பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். விலை உயர்ந்த, நுணுக்கமான ஜெர்மன் வேலைப்பாடு. கோட்டுத் தையலைப் பற்றிப் பேசுகிற வில்லனுக்கு வேறெதைக் கொடுப்பது?

பணயக்கைதியாக நடிக்கும் ஹான்ஸிடம் மெக்ளேன் காலி பெரெட்டாவைக் கொடுக்கும் காட்சியில் மட்டும் எனக்கு ஒரு நெருடல். ஒரு 9 எம்.எம். தோட்டா சுமார் 12 கிராம். மேகசினில் 15 பிடிக்கும். நிரம்பிய துப்பாக்கிக்கும் காலித் துப்பாக்கிக்கும் 180 கிராம் வித்தியாசம். பழகிய கைக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

ஹான்ஸின் ஆள் கார்லிடம் இருப்பது ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏ.யு.ஜி. ரைஃபிள். விசைக்குப் பின்னால் மேகசின், மேலே கைப்பிடியோடு சேர்ந்த குறிநோக்கி. தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

படப்பிடிப்பில் சுட்டது பிளாங்க் தோட்டா, அதாவது மருந்து உண்டு, குண்டு கிடையாது. ஆனால் சத்தம் நிஜம். இந்தப் படப்பிடிப்பில் நடந்த விபத்தால் இடது காதின் கேட்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக ப்ரூஸ் வில்லிஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், 1990ல் வந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு யாராவது 'க்ளாக் 7' என்ற பிஸ்டலைப் பற்றிக் கேட்டால் நம்பாதீர்கள். பீங்கானில் செய்தது, ஜெர்மன் சரக்கு, விமான நிலைய எக்ஸ்ரேயில் சிக்காது என்று மெக்ளேன் அடித்துவிடுவார். அப்படியொரு மாடலே இல்லை. க்ளாக் ஆஸ்திரிய நிறுவனம். திரையில் காட்டுவது க்ளாக் 17. அதில் பிடியும் சட்டகமும்தான் பிளாஸ்டிக், குழலும் ஸ்லைடும் எஃகு. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்.