மணி அடித்தால் கிறிஸ்துமஸா?

கேள்வி: ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸ் என்ற சொல்லும் இல்லை. அதைப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு என்று பள்ளியில் பிள்ளைகளைப் பாட வைக்கிறார்களே, சரியா? கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அடையாளம்தான் என்ன?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். 1857இல் பாஸ்டனில் அச்சான அந்தப் பாட்டின் பின் சரணங்களைப் படித்துப் பாருங்கள். இளைஞன் ஒருவன் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு பனிச்சறுக்கு வண்டியில் கிளம்புகிறான். குதிரை நோஞ்சான். வண்டி பனிக்குவியலில் ஏறிக் கவிழ்கிறது. கடைசிச் சரணம், வயசு இருக்கும்போதே பெண்களை ஏற்றிக்கொண்டு சுற்றி வா என்று யோசனை வேறு சொல்கிறது. தலைமையாசிரியைக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ!

ஆனால் சொல்லை வைத்துச் சலித்தால் சல்லடையில் எது மிஞ்சும்? ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட ‘ஜாய் டு த வேர்ல்ட்’ பாட்டில் மாட்டுத்தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை. அது பைபிளின் 98ஆம் சங்கீதத்தைத் தழுவியது. ஹாண்டெலின் ‘அல்லேலூயா’ முதலில் ஒலித்தது 1742 ஏப்ரலில், டப்ளினில். அது இடம்பெறும் ‘மெசையா’ என்ற இசைப் படைப்பிலும் இயேசுவின் பிறப்புப் பகுதியில் வருவதில்லை. சிலுவைப்பாடு எல்லாம் கடந்து இரண்டாம் பகுதியின் முடிவில் வருகிறது. ‘லெட் இட் ஸ்னோ’வை எழுதியவர்கள் 1945 ஜூலையில் ஹாலிவுட் வெயிலில் வெந்துகொண்டே பனி பொழியட்டும் என்று எழுதினார்கள். இதிலும் கிறிஸ்துமஸ் என்ற சொல் கிடையாது.

மணிச் சத்தமா அடையாளம்? அது குதிரைக்குக் கட்டிய மணி. நம் காதுக்கு அது மாட்டுவண்டிச் சலங்கை. விளம்பரக்காரர்கள் அதைச் சேர்த்துவிட்டால் பண்டிகை வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். தள்ளுபடி வந்திருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

என் கட்சி இதுதான்: பதினொரு மாதம் யாரும் பாடாமல் வைத்திருப்பதால்தான் அது கிறிஸ்துமஸ் பாட்டு. பரணில் கிடக்கும் காகித நட்சத்திரத்தை டிசம்பரில் இறக்கித் தூசி தட்டுகிறோமே, அது மாதிரி. மார்ச்சில் தொங்கவிட்டால் அது வெறும் காகிதம்.

எங்கள் தெருவுக்குக் கீத பவனி வரும்போது இரவு ஒன்றரை மணி இருக்கும். முதலில் நாய்கள் குரைக்கும், அப்புறம் டிரம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பஞ்சுத் தாடி ஒரு பக்கம் ஒட்டு விட்டுத் தொங்கும். கிடார் ஒரு சுருதி, பாடுகிறவர்கள் இன்னொரு சுருதி. எந்தப் பாட்டு என்று பிடிபட இரண்டு வரி ஆகும். ஆனாலும் அந்த நேரத்தில் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் கச்சிதமாகப் பாடியது எதுவும் என்னைக் கட்டிலைவிட்டு எழுப்பியதில்லை.

நேரம் காலம் பார்க்காமல் தன் பலத்தில் நிற்கிற பாட்டு என்றால் ‘சைலண்ட் நைட்’டைச் சொல்வேன். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் ஜோசப் மோர் முன்பே எழுதியிருந்த வரிகளுக்கு ஃபிரான்ஸ் குரூபர் மெட்டுப் போட்டார். ஒரே ஒரு கிடார்தான் துணை. (தேவாலய ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கிடார் என்ற கதை பின்னால் ஒட்டியது.) மெட்டு அப்படியே தாலாட்டு நடை. குரல் வராதவரும் இரண்டாம் முறை கூடச் சேர்ந்துகொள்ளலாம்.

பிள்ளைகள் விஷயமா? தாராளமாகப் பாடட்டும். முதல் சரணத்தோடு நிறுத்திக்கொண்டால் சரி.