சர்க்கரையைக் குறைக்குமா குடல் பாக்டீரியா கேப்ஸ்யூல்?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1, வெறும் வயிற்றில் சர்க்கரை 112. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்று சொன்ன டாக்டர், மாத்திரை எதுவும் தரவில்லை. சாப்பாட்டையும் நடையையும் கவனிக்கச் சொன்னார். விளம்பரம் பார்த்து இரண்டு மாதமாக 'நல்ல பாக்டீரியா' கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. எடை அப்படியேதான் இருக்கிறது. "தயிர் போதாதா?" என்கிறார் அம்மா. கேப்ஸ்யூலைத் தொடரலாமா? பயறு, சுண்டல் சாப்பிட்டால் வயிறு உப்புவதால் அவற்றைக் குறைத்துவிட்டேன்.
- வாசகி, திருச்சி

பதில்: கேப்ஸ்யூலை நிறுத்திவிடலாம், அதனால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான். காசு கொடுத்து பாக்டீரியாவை உள்ளே அனுப்பிக்கொண்டே, ஏற்கெனவே குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவின் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறீர்கள்.

சோற்றில் இருக்கும் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்ந்துவிடும். பயறு, கீரை, காய் ஆகியவற்றின் நார்ச்சத்தை உடைக்கும் நொதிகள் நம் உடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியா, இட்லி மாவு புளிப்பதுபோல அதைப் புளிக்கவைக்கின்றன. அப்போது அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. 'நல்ல பாக்டீரியா' செய்யும் நல்லதில் பெரும்பங்கு இந்த அமிலங்கள் வழியாகத்தான் நடக்கிறது.

இவற்றில் பியூட்டிரேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தச் சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் உடைந்த துண்டுகள் ரத்தத்தில் கசியாது. கசிந்தால் உடம்பெங்கும் லேசான அழற்சி ஏற்பட்டு இன்சுலினின் வேலை மந்தமாகும். இன்னொரு பயனும் உண்டு. இந்த அமிலங்கள் குடல் சுவரில் உள்ள சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கின்றன. இன்சுலின் சுரக்க உதவுவதும் பசியை அடக்குவதும் அதன் வேலை. இப்போது பரவலாகப் பேசப்படும் எடை குறைப்பு ஊசிகள் இந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவைதான். அதற்காக, பாக்டீரியா கேப்ஸ்யூல் அந்த ஊசிக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும், ஊசி மருந்தோ ஒரு வாரம் வரை உடலில் நின்று வேலை செய்யும்.

சரி, இந்த பாக்டீரியாவையே கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தால் என்ன? பியூட்டிரேட் தயாரிப்பதில் பேர்போன ஃபீகலிபாக்டீரியம் போன்றவை காற்று பட்டாலே செத்துவிடும். கடையில் கிடைக்கும் கேப்ஸ்யூல்களில் இருப்பவை பெரும்பாலும் லேக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். அவை பியூட்டிரேட் தயாரிப்பதில்லை. குடலில் நிலையாகத் தங்குவதும் அபூர்வம், கேப்ஸ்யூலை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

ஆராய்ச்சியே இல்லை என்று சொல்லவில்லை. பெல்ஜியத்தில் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவை அதிக எடையுள்ளவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். சூடாக்கிச் செயலிழக்கவைத்த பாக்டீரியாவை எடுத்துக்கொண்டவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது, கொலஸ்ட்ராலும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. ஆய்வை முடித்தவர்கள் வெறும் 32 பேர். நம்பிக்கை தரும் தொடக்கம்தான், என்றாலும் இதை வைத்து உங்களை மாதம் 1,800 ரூபாய் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது 2018-இல் ஷாங்காயிலிருந்து வந்த ஆய்வு. டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 43 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான உணவு ஆலோசனை, மற்றவர்களுக்குப் பலவகை நார்ச்சத்து நிறைந்த உணவு. மாத்திரை இரு பிரிவுக்கும் ஒன்றேதான். 12 வார முடிவில், நார்ச்சத்துப் பிரிவில் 89 சதவீதம் பேருக்கு ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே வந்தது, மற்ற பிரிவில் 50 சதவீதம் பேருக்கு. நார்ச்சத்துப் பிரிவினரின் குடலில் அமிலங்களைத் தயாரிக்கும் 15 பாக்டீரியா வகைகள் தாமாகவே பெருகியிருந்தன. யாரும் அவற்றை வெளியிலிருந்து அனுப்பவில்லை. சாப்பாடு கிடைத்தது, பெருகின.

உங்கள் நிலையில் இருப்பவர்களை வைத்து சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வந்துவிட்டது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் செய்தவர்களில் அது 39 சதவீதம்தான். உங்கள் டாக்டர் கேப்ஸ்யூல் எழுதாமல் நடக்கச் சொன்னது இதனால்தான்.

தயிர் பற்றி அம்மா சொல்வதில் பாதி சரி. தயிரில் புரதமும் கால்சியமும் உயிருள்ள பாக்டீரியாவும் உண்டு. தினம் ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். ஆனால் தயிரில் நார்ச்சத்து இல்லை. தட்டு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பழைய சோற்றையும் பலர் கேட்கிறார்கள். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுவது உண்மை. மிச்சமெல்லாம் சாதாரண மாவுச்சத்துதான், அளவோடு சாப்பிடுங்கள்.

இப்போது உங்கள் வயிற்று உப்பலுக்கு வருவோம். நார்ச்சத்து புளிக்கும்போது வாயு வரத்தான் செய்யும். பழக்கமில்லாத வயிற்றில் திடீரென்று ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை போனால் அவதிதான். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும், கொண்டைக்கடலையை விட்டுப் பாசிப்பயறில் தொடங்குங்கள். வாராவாரம் கொஞ்சம் கூட்டினால் பலருக்கு மூன்று, நான்கு வாரத்தில் பழகிவிடும். அப்புறம் கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து என்பது இலக்கு. ஒரே காயைத் தினமும் சாப்பிடுவதைவிடப் பலவகையாகச் சாப்பிடுவது நல்லது, ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் தேவைப்படும் நார் வேறு. உப்பலோடு மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் குடலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் ப்ரோபயாடிக் (நீங்கள் சாப்பிடுவதுபோன்ற 'நல்ல பாக்டீரியா' தயாரிப்பு) எதையும் தொடக் கூடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. 2008-இல் வெளியான அந்த முடிவை நான் மறப்பதில்லை.

ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. அந்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், இன்று தொடங்கும் மாற்றம் ஹெச்பிஏ1சி-யில் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதுவரை தினம் அரை மணி நேரம் நடந்து, சுண்டலையும் விடாமல் இருந்து, பிறகு மறுபடி பரிசோதியுங்கள். 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.