கவுன்டராக்ட்: 'எதிர்க்கும்' வேண்டாம், 'முறிக்கும்' போடுங்கள்

வணக்கம். "வார்ஃபரினின் விளைவை வைட்டமின் கே கவுன்டராக்ட் செய்யும்" என்ற மருந்துத்தாள் வரியில் 'எதிர்க்கும்' என்று போட்டேன், ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 'முறிக்கும்' என்று போட்டுப் பாருங்கள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து என்கிறோமே, அதே முறிவுதான். வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. உறைவதற்கு வேண்டிய புரதங்களைக் கல்லீரல் மறுபடி உருவாக்க வைட்டமின் கே உதவுகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று எதிர்ப்பக்கம் இழுத்து அடக்குகிறது. விளைவு முழுதாக அடங்காமல் குறைந்தாலும் ஆங்கிலத்தில் கவுன்டராக்ட் சரிதான்; தமிழில் அந்த இடத்தில் 'மட்டுப்படுத்தும்' நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், ஓர் ஆளை எதிர்ப்பதற்கு கவுன்டராக்ட் வராது, அதற்கு அப்போஸ் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இதன் பின்னால் அகெய்ன்ஸ்ட் சேர்க்காதீர்கள்.